கருவி எவர் கையில்? – அசைவூட்டக் கலையும் கட்டற்ற மென்பொருளும்

கலை எதுவாயினும் அது ஒரு கருவியைப் பற்றிக்கொண்டே பிறக்கின்றது. சிற்பிக்கு உளியும், ஓவியனுக்குத் தூரிகையும், கூத்தனுக்கு மத்தளமும் எவ்வாறோ அவ்வாறே இன்றைய அசைவூட்டக் கலைஞனுக்குக் கணினி மென்பொருள் அமைந்துவிட்டது. கலையைப் பற்றிப் பேசுவோர் அதன் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசுவர். உருவத்தைப் பற்றிப் பேசுவர். கருவியைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. அது தொழினுட்பவியலாளர் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறு விடயம் என ஒதுக்கிவிடுவர். ஆயின், கருவி எவருக்கு உரியது என்ற வினாவை எழுப்பாமல், கலை எவருக்கு உரியது என்ற வினாவுக்கு விடை காண இயலாது. இதனை மாத்தளை மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடசாலை மாணவர் சிறு அசைவூட்டப் படங்கள் செய்ய விரும்புதல் இன்று புதுமையன்று. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பாடங்களுள் ஒன்றாகிவிட்டது. கைத்தொலைபேசியில் நாள்தோறும் அசையும் சித்திரங்களைப் பார்த்து வளரும் பிள்ளை, தானும் ஒன்று செய்து பார்க்க ஆசைப்படுவது இயல்பே. ரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ உக்குவளையிலோ உள்ள தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தி, "எந்த மென்பொருளைக் கொண்டு செய்வது?" என வினவினால் அவளுக்குக் கிடைக்கக்கூடிய விடைகள் மூன்று. "நகரத்துக் கடையிலே பூட்டுடைத்த பிரதி கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்" என்பது ஒன்று. "இணையத்தில் இலவசச் செயலிகள் எத்தனையோ உண்டு; ஏதாவதொன்றைப் பிடித்துக்கொள்" என்பது மற்றொன்று. "வசதி வந்தபின் சந்தா கட்டி நல்லதை வாங்கு, அதுவரை பொறுத்திரு" என்பது மூன்றாவது. இம்மூன்று விடைகளும் தவறானவை. நான்காவதாகிய கட்டற்ற மென்பொருளே எமது பாடசாலைகளுக்கு உகந்தது என்பது எமது துணிபு.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல்லாற் குறிப்பர். அதனால் அம்மொழியார் இவ்விடயத்தில் நெடுங்காலமாகக் குழம்பி வருகின்றனர். தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனூ இயக்கம் மென்பொருளைப் பயன்படுத்துவோனுக்கு நான்கு உரிமைகளை வகுத்தது. எந்த நோக்கத்துக்காகவும் அதனை இயக்கலாம். அதன் மூலநிரலைப் படித்துத் தன் தேவைக்கேற்ப மாற்றலாம். பிரதிசெய்து பிறருக்கு வழங்கலாம். திருத்திய வடிவத்தையும் வழங்கலாம். இந்நான்கிலும் விலை என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். இலவசம் கொடுப்பவன் கையில் உள்ளது. விரும்பும்வரை கொடுப்பான், வேண்டாதபோது நிறுத்துவான். உரிமையோ பெற்றவனிடம் தங்கிவிடுவது. நம்மிற் பலர் 'இலவச மென்பொருள்' என்று எழுதி இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர். தமிழ் நமக்குத் தந்திருக்கும் தெளிவை நாமே கைவிடுவது அறிவுடைமையாகுமா?

இனிப் பூட்டுடைத்த பிரதியை எடுத்துக்கொள்வோம். "பெருநிறுவனங்கள் கோடிகோடியாக இலாபம் ஈட்டுகின்றன, ஏழை மாணவர் ஒரு பிரதியைக் களவாக எடுத்தால் என்ன குடிமுழுகிப்போகும்?" என வாதிடுவோர் உளர். அவர்களது கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அவர்கள் காட்டும் வழி அந்நிறுவனங்களை எள்ளளவும் பாதிப்பதன்று. மாறாக, அவற்றுக்குச் செலவேதுமின்றிப் பழக்கப்பட்ட வாடிக்கையாளரை உருவாக்கிக் கொடுக்கின்றது. களவுப் பிரதியில் ஐந்தாண்டு பயின்றவர் தொழிலுக்குச் சென்றதும் அதே மென்பொருளையே கேட்பார்; அப்போது அவருக்காக வேறொருவர் பணம் கட்டுவார். மேலும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சித்திட்டங்களுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிக்கின்றது. எனவே அம்மாணவி தான் உழைத்துச் செய்த படத்தைப் பெருமையோடு வெளியில் அனுப்பும்போது, எதனைக் கொண்டு செய்தாள் என்பதைச் சொல்லக் கூசி நிற்க வேண்டியவளாகின்றாள். பூட்டை உடைத்தவன் உள்ளே எந்த நச்சுநிரலைச் செருகி வைத்தான் என்பதும் எவருக்கும் தெரியாது. இவை யாவற்றுக்கும் மேலாக, ஆசிரியரே வகுப்பறையில் முன்னின்று களவைப் பயிற்றுவிக்கும் நிலை எழுகின்றது. கல்வி என்ற பெயருக்கு இது அழகன்று.

சந்தா முறையின் தன்மை இதனினும் நுட்பமானது. அடோபி நிறுவனம் தனது முதன்மையான வரைகலை மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனி விலைக்கு விற்பதில்லை, சந்தாவுக்கே வழங்குவது என 2013ஆம் ஆண்டு அறிவித்தது. அன்று முதல் அவற்றைப் பயன்படுத்துவோர் உடைமையாளர் அல்லர்; குடியிருப்போர் மாத்திரமே. இதன் பொருளை மலையகத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லயத்துக் காம்பிராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் அதற்கு உறுதி இல்லாதவர் எம்மவர். தோட்டத்தில் பெயர் இருக்கும்வரை கூரை இருக்கும். பெயர் வெட்டப்பட்டால் கூரையும் போய்விடும் என்ற அச்சத்தை உண்டு வளர்ந்தவர் எம்மவர். காணியுரிமைக்காகவும் வீட்டுரிமைக்காகவும் குரல் எழுப்பும் ஒரு சமூகம், தன் பிள்ளைகளின் கற்பனையை மட்டும் மாதவாடகைக் காம்பிராவிற் குடியமர்த்துவது எவ்வளவு பெரிய முரண்பாடு!

வாடகை மாத்திரமன்று, துண்டும் உண்டு. முன்னாளில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி தன் கடன் தொகை எழுதிய துண்டைக் காட்டியே செல்ல முடிந்தது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. இன்று மென்பொருள் நிறுவனங்கள் கோப்பு வடிவத்தைக் கொண்டு அதே வேலையைச் செய்கின்றன. ஒரு மென்பொருளிற் சேமித்த வரைவுகளை வேறொன்றிலே திறக்க முடியாதவாறு அமைத்துவிட்டால், அதனை விட்டு விலக விரும்புபவர் தம் உழைப்பையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுத்தான் விலக வேண்டும். பத்தாண்டு உழைப்பை விட்டுச்செல்ல எவர் துணிவர்? ஆகவே, விலை எவ்வளவு ஏறினாலும் கட்டிக்கொண்டே இருப்பர்.

விலை ஏறுமா என ஐயுறுவோர் 2022ஆம் ஆண்டை நினைவிற்கொள்க. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. டொலரிற் சந்தா கட்டியவருக்கு, நிறுவனம் ஒரு சதமும் உயர்த்தாமலே, செலவு இருமடங்கை நெருங்கியது. பணம் இருந்தாலும் பயனில்லாத நிலையும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்க அரசின் ஆணை ஒன்றைக் காரணங்காட்டி, வெனிசுவேலா நாட்டிலுள்ள தன் பயனாளர் அனைவரினதும் கணக்குகளை முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. பின்னர் அனுமதி பெற்று அம்முடிவு மாற்றப்பட்டதென்பது உண்மையே. ஆயினும், எங்கோ ஒரு தலைநகரில் இடப்படும் கையொப்பம் இன்னொரு நாட்டுக் கலைஞனின் மேசையைத் துடைத்தெறிய வல்லது என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

'இணையத்து இலவசச் செயலி' என்னும் விடைக்கு வருவோம். இவற்றுட் பல, செய்த படத்தின் மீது தமது முத்திரையைப் பொறிக்கும்; முத்திரையை நீக்கப் பணம் கேட்கும். படம் தங்குவது மாணவியின் கணினியிலன்று, நிறுவனத்தின் களஞ்சியத்தில். மழைக்காலத்தில் இணைப்பு அறுந்துவிட்டால் வேலையும் நின்றுவிடும். நிறுவனம் கடையைக் கட்டினால் யாவும் ஒருங்கே அழியும். இது வெறும் கற்பனையன்று. 1996ஆம் ஆண்டளவில் தோன்றிய புளாஷ் என்னும் மென்பொருள் இணைய அசைவூட்டத்தின் அரசனாய் விளங்கியது. உலகெங்கும் ஆசிரியர்கள் அதனைக் கொண்டு பாடங்களும் விளையாட்டுகளும் செய்தனர். அதனை இயக்கும் செயலிக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே அது இயங்க மறுத்தது. அப்படைப்புகளில் ஒரு பகுதியையேனும் இன்று மீண்டும் காண முடிகின்றதெனில், அதற்குக் காரணம் தொண்டர்கள் கட்டற்ற முறையில் ஆக்கிய ரஃபிள் போன்ற மென்பொருள்களே.

மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பதை யாவரும் அறிவர். வாய்வழி வந்தது அழிந்துவிடக்கூடும் என்ற அச்சமே அப்பெருமுயற்சிக்குக் காரணமாயிற்று. பனையோலை எவருடைய தனியுரிமையும் அன்று. எழுத்தாணியை எந்தக் கொல்லனும் அடிக்கலாம். எழுத்தை அறிந்த எவரும் படித்துப் பெயர்த்தெழுதலாம். அதனாலேயே ஏடுகள் சிதைந்தும் நூல் நிலைத்தது. சேமிக்கும் வடிவம் எல்லோருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்ற பாடத்தை எமது மாவட்டத்துக் குகையே கற்பிக்கும்போது, நாம் பிறரிடம் சென்று கற்க வேண்டியதில்லை.

"இவையெல்லாம் சரி, ஆனால் கட்டற்ற மென்பொருள் தரத்தில் தாழ்ந்தது. தொழில் உலகம் கேட்பதைக் கற்பிக்காமல் பிள்ளைகளை ஏமாற்றலாமா?" என்பர் சிலர். இவ்வாதம் ஒரு காலத்தில் வலுவுடையதாய் இருந்திருக்கலாம். இன்று அது செல்லாக் காசு. நெதர்லாந்தைச் சேர்ந்த டொன் ரூசெண்டால் ஆக்கிய பிளெண்டர் என்னும் மென்பொருளின் வரலாற்றை நோக்குக. அதனை விற்றுவந்த நிறுவனம் 2002ஆம் ஆண்டு மூடப்பட்டது. முதலீட்டாளர்கள் கேட்ட ஒரு இலட்சம் யூரோவைப் பயனாளரே ஏழு வாரங்களிற் சேர்த்துக் கொடுத்து, அதே ஆண்டு ஒக்டோபரில் அம்மென்பொருளை விடுவித்தனர். அதனைக் கொண்டே லத்வியா நாட்டு இளைஞர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் 'ஃபுளோ' என்ற முழுநீளப் படத்தை ஆக்கினார். பெருநிறுவனங்களின் படங்களோடு போட்டியிட்டு, 2025ஆம் ஆண்டு சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் விருதை அது வென்றது. யப்பானின் கிப்லி கலையகம் பயன்படுத்திவந்த டூன்ஸ் என்னும் மென்பொருள் 2016ஆம் ஆண்டு 'ஓப்பன்டூன்ஸ்' என்ற பெயரில் மூலநிரலுடன் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. இவற்றைத் தாழ்ந்தவை என்போர் தம் பழக்கத்தையே தரத்தின் அளவுகோலாகக் கொள்பவராவர். அன்றியும், பாடசாலையிற் கற்பிக்க வேண்டியது ஒரு நிறுவனத்தின் பொத்தான்களையா, அசைவின் இலக்கணத்தையா? இலக்கணம் கற்றவர் எந்தக் கருவியையும் சில வாரங்களிற் பழகிக்கொள்வர்.

எனின், எதைத் தெரிவு செய்வது? செய்ய விரும்பும் படத்தின் தன்மையும் கையிலுள்ள கணினியின் வலுவுமே இதனைத் தீர்மானித்தல் வேண்டும். திரையில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடுவது திரைப்பட வழக்கு. ஒவ்வொரு சித்திரத்தையும் இரு படங்களுக்கு நிறுத்தினால் 12 சித்திரங்கள் போதும். அவ்வாறாயினும் ஒரு நிமிடப் படத்துக்கு 720 சித்திரங்கள் வேண்டும். இத்தொகையைக் கண்டு மருள வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் கையின் அசைவைப் பத்துப் பன்னிரண்டு சித்திரங்களில் வரைந்துவிட்டால் அதனையே திரும்பத் திரும்ப ஓடவிடலாம். இவ்வாறு கையால் வரையும் முறைக்குப் 'பென்சில் டூ-டி' என்னும் எளிய மென்பொருள் பொருத்தமானது. முன் வரைந்த சித்திரம் மங்கலாகத் தெரிய, அதன்மேல் அடுத்ததை வரையும் வசதி அதில் உண்டு. பாடசாலைகளிலுள்ள பழைய கணினிகளுக்கும் அது பாரமாவதில்லை.

எல்லாவற்றையும் வரைய இயலாத இடத்துச் 'சின்ஃபிக்' உதவும். எடுத்துக்காட்டாக, மாசிமகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதியுலா வரும் காட்சியைக் கருதுக. ஒரு சில்லை வரைந்தால் எத்தனை சில்லுகளுக்கும் அதுவே போதும். தேர் புறப்படும் நிலையையும் வந்து நிற்கும் நிலையையும் குறித்துவிட்டால் இடைப்பட்ட நிலைகளை மென்பொருளே கணித்து நிரப்பும். வடத்தை இழுப்போரின் கைகளைத் தனித்தனி உறுப்புகளாக வரைந்து மூட்டுகளில் அசைக்கலாம். இம்மென்பொருளும் ஒரு நிறுவனம் மூடப்பட்டபின் அதனை ஆக்கிய ரொபர்ட் குவாற்றில்பாமினால் 2005ஆம் ஆண்டு கட்டற்றதாக வெளியிடப்பட்டதே. தாளில் வரைந்தவற்றைக் கணினிக்குள் ஏற்றி வண்ணந்தீட்ட விரும்புவோருக்கு ஓப்பன்டூன்ஸ் உகந்தது. வலுவான கணினி உள்ள இடத்தில் பிளெண்டரைக் கற்பிக்கலாம். அதன் புதிய பதிப்புகள் பழைய கணினிகளில் இயங்க மறுக்கும். ஆயின் பழைய பதிப்புகளும் அதன் தளத்தில் இன்றும் கிடைக்கின்றன. சந்தா வணிகர் இத்தகைய சலுகையைத் தருவரா? விலையுயர்ந்த வரைபலகை இல்லையே எனக் கவலற்க. 1926ஆம் ஆண்டிலேயே செருமானியப் பெண்மணி லொற்றே ரைனிகர் கத்தரிக்கோலால் வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டு முழுநீள அசைவூட்டப் படம் ஆக்கிக் காட்டினார். தாளில் வரைந்து கைத்தொலைபேசியாற் படம் பிடிப்பதும் சிறந்த வழியே.

கட்டற்ற மென்பொருளிற் குறைகள் இல்லையென நாம் கூற வரவில்லை. சில வேளைகளில் அவை இடைநடுவே நின்றுவிடும். சிலவற்றிலே தமிழ் எழுத்து சிதையும். 'கெ' என எழுதினாற் கொம்பு எழுத்தின் பின்னாற் சென்று நிற்கும். இதற்குத் தற்காலிகப் பரிகாரம் உண்டு. தலைப்பையும் உரையாடலையும் 'இங்க்ஸ்கேப்' என்னும் கட்டற்ற வரைகலை மென்பொருளில் எழுதி, எழுத்துகளைக் கோட்டுருவங்களாக மாற்றி எடுத்துச் செல்லலாம். ஆயின் இங்கே சிந்திக்க வேண்டியது வேறொன்று. வணிக மென்பொருளிலே தமிழ் சிதைந்தால் நாம் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கலாம்; அவ்வளவே. கட்டற்ற மென்பொருளில் அக்கொம்பை உரிய இடத்தில் வைக்கும் உரிமை நமக்கே உண்டு. காமன் கூத்துக்குத் தப்படிக்கும் கலைஞர், தோல் தளர்ந்தால் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. தீமூட்டித் தாமே காய்ச்சிச் சுருதி சேர்த்துக்கொள்கின்றார். கருவி தன்னுடையது என்பதன் பொருள் அதுவே.

"நம்மால் ஆகுமா?" எனத் தயங்குவோர்க்கு இலங்கையிலேயே சான்று உண்டு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அழிவின்போது, இந்நாட்டுத் தொண்டர்கள் சில வாரங்களில் ஆக்கிய சஹானா என்னும் கட்டற்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், பின்னர் பாகிஸ்தான், ஹெயிற்றி முதலிய நாடுகளின் பூகம்பங்களின்போதும் பயன்பட்டது. பாடசாலைத் துறையிலோ கேரளம் வழிகாட்டி நிற்கின்றது. அங்கே 2001ஆம் ஆண்டு தொடங்கிய கணினிக் கல்வித் திட்டம் பின்னர் முற்றாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2018ஆம் ஆண்டு தொடங்கிய 'லிற்றில் கைற்ஸ்' என்னும் மாணவர் அமைப்பு ஏறக்குறைய இரண்டாயிரம் பாடசாலைகளிற் பரவி, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் போன்றவற்றைக் கொண்டு அசைவூட்டம் பயிற்றுகின்றது. மூணாறுத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பிள்ளைகளும் அம்மாநிலப் பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். அதே தேயிலையின் நிழலில் வாழும் மாத்தளைப் பிள்ளைக்கு மட்டும் அது எட்டாக்கனியாக இருப்பதற்குக் காரணம் பணமன்று, நமது அக்கறையின்மையே.

ஆதலாற் செய்ய வேண்டியவை தெளிவானவை. வலயக் கல்விப் பணிமனைகள் பாடசாலைக் கணினிக் கூடங்களிற் பூட்டுடைத்த பிரதிகளை அகற்றிக் கட்டற்ற மென்பொருள்களை நிறுவுதல் வேண்டும். அசைவூட்டப் போட்டி நடத்துவோர், முடிந்த படத்துடன் அதன் மூல வரைவுகளையும் எவரும் திறக்கக்கூடிய வடிவத்திற் கேட்டல் வேண்டும். அவை அடுத்த ஆண்டு மாணவருக்குப் பாடமாகும். தமிழிலே தெளிவான கைந்நூல்கள் வேண்டும். மும்பை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் பேச்சுவழிப் பாடங்களிற் பலவற்றுக்குத் தமிழ்க் குரல் உண்டு. தமிழகத்துக் 'கணியம்' இதழ் 2012ஆம் ஆண்டு முதல் இத்துறையில் எழுதி வருகின்றது. எனினும் எமது பாடத்திட்டத்துக்கும் எமது வழக்குக்கும் ஏற்ற நூலை நாமே எழுதுதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் முத்தமிழ் விழா எடுப்பதோடு அமையாது, விடுமுறையில் ஒரு வாரமேனும் தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்று பயிற்சிப் பட்டறை நடத்துதல் கூடாதா? தமிழ் வளர்ப்பது மேடையில் மட்டும் நிகழும் செயலா?

வடக்குப் பாதை வழியாக, மன்னாரிலிருந்து காட்டினூடே நடந்து வந்து மாத்தளையில் மலைநாட்டின் வாயிலை மிதித்த எம் முன்னோரின் கதை இன்னும் அசையும் சித்திரமாக விரிவாக எழவில்லை. அதனை வரைய வேண்டிய கைகள் இன்று பாடசாலை மேசைகளில் இருக்கின்றன. அக்கதையின் நாயகர்கள் பிறர் தந்த கூடையைச் சுமந்தனர்; பிறர் தந்த கூரையின் கீழ் உறங்கினர். அக்கதையைச் சொல்லும் கருவியாவது அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு உரிமையானதாக இருக்கட்டும். அதனை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, களவாடவும் வேண்டியதில்லை. அது ஏற்கெனவே உலகத்தார் அனைவருக்கும் பொதுவுடைமையாக வைக்கப்பட்டுள்ளது. எடுத்து அப்பிள்ளைகளின் கையிற் கொடுப்பதொன்றே கற்றவராகிய எமது கடமை.